மச்சான், உன் கோப்புறையை நான்தான் பூட்டினேன்

என் அன்பு ரிஸ்வான் மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருடமும் சில வாரங்களும் ஆகின்றன. இந்தக் கடிதத்தை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். துக்கத்தில் எழுத முடியவில்லை என்று சொன்னால் நீயே சிரிப்பாய். உண்மைக் காரணம் வேறு. நான் ஒரு பிழை விட்டேன், அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. ஆகவே இதோ: முன்மேசைக் கணினியில் இருக்கும் உன் கோப்புறையை, இனி யாராலும் திறக்க முடியாதபடி, நான்தான் பூட்டினேன்.

இதைப் பலரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். ஒரே கணினியை நாலு பேர் பாவிக்கிற வீடும் கடையும் கண்டியில் ஏராளம். என் பிழையை இன்னொருவர் செய்ய வேண்டாம். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். பொறுமை உன் பங்கு, அவசரம் என் பங்கு என்றுதானே நாம் கடையையே நடத்தினோம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் நம் கடை. தொலைபேசி, போட்டோக்கொப்பி, தட்டச்சு, இணையம். மடவளை பஸ்ஸில் வந்து இறங்கும் நீ மூன்று மொழியிலும் எழுதுவாய், முன்மேசையில் இருந்து வருகிறவர்களைப் பார்ப்பாய். வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பின்னறையிலேயே தங்கிவிட்ட நான், ஸ்குரூ டிரைவரோடு இயந்திரங்களைப் பார்ப்பேன். மனிதர்கள் உள்ளே வந்தால் நான் பின்னால் போய்விடுவேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

ஆரம்பத்தில் முன்மேசைக் கணினியில் எல்லோரும் ஒரே பெயரில்தான் உள்ளே போனோம். நீ, நான், இணையம் பார்க்க வருகிற சனம், எல்லோரும். யாரோ எதையோ இறக்கி வைப்பார்கள், அது நோயாகி முழு இயந்திரத்தையும் படுக்க வைக்கும். நாலாம் முறை அப்படி நடந்த அன்று எல்லாவற்றையும் துடைத்து, மூன்று தனித்தனிக் கணக்குகள் போட்டேன். எனக்கு நிர்வாகிக் கணக்கு. உனக்கு வரையறுக்கப்பட்ட பயனர் கணக்கு. வாடிக்கையாளருக்கு விருந்தினர் கணக்கு. நீ திரையைப் பார்த்தாய், முகத்தைச் சுளித்தாய்.

"இதென்னடா, என்ட பேருக்குக் கீழ லிமிட்டட் எண்டு ஈக்கி?"

"அப்படித்தான். நீ எழுதலாம், சேமிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். புதுசா ஒண்ணும் உள்ள ஏத்த ஏலாது."

"ஒன்ட பேருக்குக் கீழ?"

"அட்மின்."

"ஆ. பாதிக் கடை என்ட. ஆனா முழு அதிகாரம் ஒனக்கி, எனக்கி அரைவாசி. இது எந்த நாட்டுச் சட்டம் மச்சான்? எங்கட நாட்டுச் சட்டமா?"

"போன கிழமை பூனைப் படத்தத் திறந்து மூணு நாள் கடைய மூட வச்சது யாரு?"

"அது பூனையில்லடா, பூனக்குட்டி."

அதோடு விடவில்லை நீ. கடவுச்சொல் ஒன்றை வைக்கச் சொன்னேன். விசைப்பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு அடித்தாய். பிறகு கேட்டாய், "நீ நெனச்சா என்ட ஃபோல்டருக்குள்ள வரலாமா?" வரலாம் என்றேன். நிர்வாகிக்கு எல்லாக் கதவும் திறக்கும். "அப்ப என்னத்துக்கு எனக்கி பாஸ்வேர்ட்?" மத்தவங்க வராம இருக்க, என்றேன். "நீ மத்தவனில்லயா?" வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டேன். ஆமா என்பதா, இல்லை என்பதா?

உன் கோப்புறையில் என்ன இருந்தது என்று இங்கே சொல்ல வேண்டும். வடக்கில் யுத்தம் இறுக இறுக, இங்கே வாடகை அறைகளில் இருக்கிற தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. சிங்களத்தில் படிவம். வீட்டில் யார் யார், எந்த ஊர், என்ன வேலை, பொறுப்பாளருக்கு என்ன உறவு. நீ அதை நிரப்பிக் கொடுப்பாய். நிரப்பியதோடு நிற்காமல் பொலிஸ் நிலையத்துக்கும் கூடவே போவாய். முத்திரை குத்தி வந்த துண்டை ஸ்கேன் செய்து அவரவர் பெயரில் சேமித்து வைப்பாய். அதற்கு யாரும் உன்னைக் கேட்கவில்லை.

நகரத்தில் ஒரு சுற்றிவளைப்பு நடந்த காலையில் இரண்டு இராணுவத்தினர் மாடியேறி வந்தார்கள். ஒருவர் முன்மேசையில் உட்கார்ந்து விருந்தினர் கணக்குக்குள் அங்குமிங்கும் தட்டிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். உன் கோப்புறைக்குள் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. இது யாருடையது என்றார். வாடிக்கையாளர் கடிதங்கள் என்று நீ சிங்களத்தில் சொன்னாய். பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் நான் சொன்னேன், எல்லாத்தையும் அழி.

"தமிழ்ச் சனத்தோட பேர், அட்ரஸ், ஐடி நம்பர், எல்லாம் ஒரே இடத்துல. நாளைக்கு யாராவது டிஸ்க்கக் கழட்டிட்டுப் போய் வேற மெஷின்ல போட்டா, நான் போட்ட காவல் எல்லாம் காத்துதான். அழிச்சிடு."

"அழிக்க ஏலா மச்சான். இது பேப்பரத் தொலைக்கிற சனம். மழைல நனையும், பஸ்ஸில விடும், வூடு மாறக்குள்ள எறிஞ்சுருவாங்க. நாளக்கி வந்து கேட்டா நான் எங்க போக? நீ பெரிய இஞ்சினியர் தானே. டிஸ்க்கக் கழட்டினாலும் திறக்க ஏலாம பூட்டித் தா."

பூட்டித் தந்தேன். இரண்டு முறை சொடுக்கினால் போதும். கோப்பின் எழுத்துகளை எல்லாம் கலைத்துப் போட்டு, உன் கடவுச்சொல்லோடு வருகிறவருக்கு மட்டும் ஒழுங்காகக் காட்டும். இரகசியமாக்கிய கோப்புகளின் பெயர்கள் பச்சை நிறத்துக்கு மாறின. "வடிவா ஈக்கி," என்றாய். பிறகு, "நான் பாஸ்வேர்ட மறந்துட்டா?" என்றாய்.

"மறக்காத."

நான் உனக்குக் கொடுத்த முழுப் பயிற்சியும் அவ்வளவுதான். முறைப்படி என்றால், அந்தப் பூட்டின் சாவியைப் பிரதி எடுத்து ஒரு சிடி வட்டில் பதிந்து, கணினிக்கு வெளியே பத்திரமாக வைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. எனக்குத் தெரியாமல் இல்லை, படித்த சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அன்றைக்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். பிறகு செய்வோம் என்று விட்டேன். எந்தப் பிறகு?

காய்ச்சல் என்று போனாய். டெங்கு என்றார்கள். நாலாம் நாள் நான் மடவளைக்கு வந்தபோது உன்னை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். பள்ளிவாசலுக்கு வெளியே, மற்றச் சமயத்தவர்கள் நின்ற இடத்தில் நானும் நின்றேன். யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். யார் என்று இன்னும் தெரியாது.

மூன்று மாதம் உன் கணக்கை நான் தொடவில்லை. கணினியைப் போடும்போதெல்லாம் முதல் திரையில் மூன்று பெயர்கள் வரும். உன் பெயரைத் தாண்டி என் பெயரைச் சொடுக்குவேன். அதற்குப் பழகிக்கொண்டேன்.

பிறகு பிலோமினா அக்கா வந்தார். வத்தேகமச் சந்தையில் மரக்கறி விற்கிறவர், உனக்குத் தெரியும். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போய், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்த குடும்பம். அதனால் மகள் ஸ்டெல்லாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் வவுனியா என்று இருக்கும். கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்துகொண்டு கட்டுகஸ்தோட்டையில் தாயோடு அறையெடுத்து இருந்த பிள்ளை. பாஸ்போர்ட் வேலையாகக் கொழும்புக்குப் போய் லொட்ஜில் தங்கிய அன்று பொலிஸ் சோதனை நடந்திருக்கிறது. வடக்கிலுள்ள வவுனியா என்று கண்டதும் கூட்டிப்போய்விட்டார்கள். கடந்த இரண்டு வருடமும் கண்டியில்தான் இருந்தாள் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்களாம். பதிவுத் துண்டுகள் அவள் கைப்பையில் இருந்தன. கைப்பையைக் காணோம்.

"ரிஸ்வான் தம்பி கம்பியூட்டர்ல எடுத்து வச்சிச்சுங்க. ரெண்டு வருசத்தோடதும். எப்ப வேணும்னாலும் வாங்கன்னு சொல்லிச்சு," என்றார்.

"இருங்க, அஞ்சு நிமிஷம்," என்றேன்.

கடவுச்சொல்லை மறந்துவிட்டு வருகிற எல்லோருக்கும் செய்வதை உனக்கும் செய்தேன். நிர்வாகியாக உள்ளே போனேன். உன் கணக்கைத் திறந்தேன். பழைய கடவுச்சொல்லைத் தூக்கிவிட்டுப் புதிது வை என்று கட்டளை கொடுத்தேன். நடுவில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது, நாலைந்து வரி. பெட்டிகளை வாசிக்காமல் சரி என்று அழுத்துகிற சனத்தை எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்! நான் வாசிக்கவில்லை. சரி என்று அழுத்தினேன்.

உன் கணக்கு திறந்தது. கோப்புறை திறந்தது. பெயர்கள் பச்சையாக வரிசையில் நின்றன. ஸ்டெல்லாவின் பெயரில் இரண்டு கோப்புகள், தேதியோடு. சொடுக்கினேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. நிர்வாகியாகப் போய் உரிமையை என் பெயருக்கு மாற்றினேன், எல்லா அனுமதியையும் எனக்கே கொடுத்தேன், திரும்பச் சொடுக்கினேன். அதே பதில். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அனுமதி என்பது வாசலில் நிற்கிற காவலாளி, அவனை நான் விலகச் சொல்லலாம். ஆனால் இங்கே எழுத்தே கலைந்து கிடக்கிறது. அதை ஒழுங்காக்கும் சாவி உன் பழைய கடவுச்சொல்லோடு கட்டியிருந்தது. அந்தக் கட்டை அறுக்கப் போகிறாய் என்றுதான் அந்தப் பெட்டி எனக்குச் சொல்லியிருக்கிறது.

பிலோமினா அக்காவிடம் இயந்திரத்தில் சின்னக் கோளாறு என்றேன். நாளைக்கு வாங்க என்றேன். பொய். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரே ஒரு வழி இருந்தது. உன் பழைய கடவுச்சொல்லையே திரும்ப வைத்தால் கோப்புகள் திறக்கும். ஆனால் அந்தச் சொல் என்ன? மடவளை பஸ் ஏறினேன். உங்கள் வீட்டுக்கு அதற்கு முன் நான் இரண்டு தரம்தான் வந்திருக்கிறேன். உன் வாப்பா தன் கடையை மூடிவிட்டு அஸர் தொழுகைக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அவன்ட சாவிய நான் எப்பயும் கேட்டதில்ல மகன்," என்றார். "பக்கத்துலயே இருந்த நீ கேக்கல்லயா?"

"கேக்கக் கூடாதுங்க. அதுதான் முறை."

"நல்ல முற." தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, நாளக்கி வாறன். அவன்ட மனசுல என்ன ஈந்திச்சி எண்டு சேந்து பாப்பம்."

வந்தார். உன் கதிரையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாடிக்கையாளர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் ஒரு சொல் சொல்வார். நான் அதை உன் கடவுச்சொல்லாக வைத்து, உன் கணக்குக்குள் போய், கோப்பைச் சொடுக்கிப் பார்த்து, வெளியே வந்து தலையாட்டுவேன். மோட்டார் சைக்கிள் இலக்கம். உம்மாவின் பெயர். நீ படித்த பள்ளிக்கூடம். நீ சின்னதில் வளர்த்த ஆட்டின் பெயர். ஆடு வளர்த்ததை நீ எனக்குச் சொன்னதேயில்லை. உனக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்த பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது வாப்பா வேறு பக்கம் பார்த்தார். "கட்டாருக்குப் போப்போறன் எண்டு ஒரு வருஷமா சொல்லிட்டீந்தான், அதையும் போட்டுப் பாரு," என்றார். கட்டார்? எனக்குத் தெரியாது மச்சான். தினமும் எட்டு மணித்தியாலம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். கட்டாரைப் போட்டேன். அதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து பிலோமினா அக்கா படியேறி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் இனிப் பொய் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"அக்கா, கோப்பு இருக்கு. ஆனா திறக்க ஏலாது. பூட்டுனது நான். சாவிய உடைச்சதும் நான்தான்."

"என்னங்க தம்பி சொல்றீங்க? அழிஞ்சு போச்சுங்களா?"

"அழியல. இருக்கு. ஆனா இல்லாத மாதிரிதான்."

"இருக்குன்னா இருக்குன்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நாலு வாரமா கொழும்புல ஒவ்வொருத்தனும் என்கிட்ட இப்புடித்தான் பேசுறான். நீங்களும் பேசாதீங்க."

"இல்லைங்க அக்கா. எடுக்க ஏலாது. என் பிழை."

அவர் படிக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தார். அழவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவும் இல்லை. வாப்பா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வாப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"உங்க மகன் எங்கள ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போனப்ப, ஐயா ஒரு பெரிய புத்தகத்துல எழுதிக்கிட்டாருங்க. அதுல இருக்கும்ல? நான் போய்க் கேட்டேன். எந்த நாள், எந்த மாசம்னாங்க. எனக்கு என்ன தெரியும்? யாரையாச்சும் கூட்டிட்டு வான்னு அனுப்பிட்டாங்க."

நான் இரண்டு நாளாக ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். கம்பியூட்டரில் இருந்தது பிரதி, மூலம் வேறு இடத்தில் இருக்கிறது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும், அக்காவை ஒரு நிமிடம் பேசவிட்டிருந்தால். அதைவிட, நாள் எது என்று எனக்குத் தெரியும். கோப்புகள்தான் பூட்டியிருந்தன, பெயரும் தேதியும் பூட்டவில்லை. நீ ஸ்கேன் செய்த நாள் இரண்டும் திரையில் அப்படியே நின்றன. ஒரு துண்டில் எழுதினேன்.

"வாங்க, போவம்," என்று வாப்பா எழும்பினார். "மகன், நீயும் வா."

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஏனென்று அவர்களிடம் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். நான் பதியவில்லை. பிறந்தது கண்டி மாவட்டம், படித்தது கண்டி, நான் ஏன் போய்ப் பதிய வேண்டும் என்று உன்னோடு சண்டை பிடித்தவன். நீ படிவத்தை நீட்டிய மூன்று முறையும் கசக்கி எறிந்தவன். பதியாத ஒரு தமிழ் இளைஞன் தானாக நடந்து பொலிஸ் நிலையத்துக்குள் போவதா? ஆனால் தேதியெழுதிய துண்டு என் கையில் இருந்தது. போனேன்.

வாப்பாவின் சிங்களம் எவ்வளவு அழகு மச்சான். அங்கே இருந்த சார்ஜன்டுக்கு வயதாகிவிட்டது, மூக்குக்கண்ணாடி. வாப்பா அவரை மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, முதலில் மழையைப் பற்றிப் பேசினார். அதற்குள் நான் பத்துத் தரம் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகுதான் விசயத்துக்கு வந்தார். நான் துண்டைக் கொடுத்தேன். சார்ஜன்ட் அலுமாரியைத் திறந்து ஒரு பதிவேட்டை எடுத்தார், தேதியைப் பார்த்துப் பக்கம் புரட்டினார். ஸ்டெல்லாவின் பெயர் இருந்தது. முதல் வருடப் பதிவு. பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டாவது பதிவேட்டை எடுத்தார். அதிலும் இருந்தது.

பிரதி எழுதித் தருவதற்கு முன், கூட வந்தவர்களின் அடையாள அட்டைகளைக் கேட்டார். என்னுடையதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எங்கே தங்கியிருக்கிறாய்? கடையில், என்றேன். எந்தக் கடை? சொன்னேன். பதிந்தாயா?

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் விரல் அதே பக்கத்தில் இரண்டு வரி கீழே இறங்கி நின்றது. கடையின் முகவரி. பொறுப்பாளர்: உன் பெயர், உன் கையெழுத்து. அடுத்த வரியில் என் பெயர், என் அடையாள அட்டை இலக்கம். தொலைபேசி இணைப்புக்காக நான் கொடுத்த அட்டைப் பிரதியைப் பார்த்து எழுதியிருக்கிறாய். உறவு என்ற கட்டத்தில், சிங்களத்தில், சகோதரன்.

சார்ஜன்ட் அதைச் சத்தமாக வாசித்தார். ரிஸ்வான் யார் என்றார். என் மகன், மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான் என்றார் வாப்பா. சார்ஜன்ட் என் பெயரில் விரலை வைத்தார். இவன்?

பொய்ப் பதிவு என்று எழுதினால் நானும் உள்ளே, வாப்பாவுக்கும் கரைச்சல், பிலோமினா அக்காவின் காரியமும் அதோடு போகும். உறவு என்ற கட்டத்தில் விளையாடுகிற ஆளா நீ என்று உன்மேல் எனக்கு ஆத்திரம்கூட வந்தது.

"எயாத் மகே புதா," என்றார் வாப்பா. இவனும் என் மகன்தான். மழையைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

சார்ஜன்டுக்கு இரண்டு பெயரும் வாசிக்கத் தெரியும். எது எந்தச் சமயத்துப் பெயர் என்றும் தெரியும். என் அட்டையில் என் அப்பாவின் பெயரும் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வாப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "ஹரி", சரி, என்று சொல்லி என் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, ஸ்டெல்லாவின் பிரதியை எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் வாப்பா கேட்டார், "ஒன்னப் பதிஞ்சிட்டன் எண்டு சொல்லியீந்தான். இப்பிடி எழுதினது எனக்கே தெரியா. நீ ஏன் மகன் பதியல்ல?"

"பொறந்த எடத்துல நான் ஏன் பதியணும் வாப்பா?"

"நியாயம்தான். அவனும் ஒன்ட கதை நியாயம் எண்டுதான் சொன்னான். ஆனா ஜீப்புல ஏத்தக்குள்ள அந்த நியாயம் கூட ஏறி வராதாம்."

அவரை வாப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஸ்டெல்லா வந்துவிட்டாள் மச்சான். பிரதி போய்ச் சேர்ந்து ஆறாம் வாரம் விட்டார்கள். ஆள் மெலிந்து, அதிகம் பேசாமல் வந்தாள். புடவைக் கடையில் அவளுடைய இடத்துக்கு வேறொருவர் வந்திருந்தார். இப்போது நம் கடையில் முன்மேசை அவளுக்குத்தான். சிங்களம் நன்றாக எழுதுகிறாள். அவளுக்கும் ஒரு கணக்குப் போட்டேன். இந்தத் தரம் சாவியைப் பிரதி எடுத்து வட்டில் பதிந்தேன். இரண்டு வட்டு எடுக்கச் சொன்னாள்.

"ஏன் ரெண்டு?"

"ஒண்ண நீங்க தொலைப்பீங்க. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

இரண்டாவது வட்டு வாப்பாவின் அலுமாரியில் இருக்கிறது. கூடவே ஓர் உறையில் நிர்வாகிக் கடவுச்சொல்லையும் எழுதி வைத்தேன். எழுதி வைக்காதே என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். படிப்பித்தவர்கள் யாரும் நாலு நாள் காய்ச்சலைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்கு ஏதும் நடந்தால் ஸ்டெல்லா போய் வாங்குவாள். சனத்துக்கு ஸ்கேன் செய்தால், தாளில் ஒரு பிரதியும் அடித்துக் கையில் கொடுக்கிறோம், தேதியை மேலே பெரிதாக எழுதி.

உன் கணக்கை நான் நீக்கவில்லை. முதல் திரையில் உன் பெயர் இன்னும் வருகிறது. கோப்புகள் பச்சையாக, மூடியபடி. யாருடைய துண்டுகள் உள்ளே என்பது பெயரில் தெரிவதால், அவர்களைத் தேடிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: உங்கள் பிரதி இங்கே இல்லை, என் பிழை, வாங்க, பதிவேட்டிலிருந்து எடுப்போம். ஒவ்வொருவரிடமும் நானே சொல்கிறேன். சிலர் ஏசுகிறார்கள். ஒரு கிழவர் சிரித்தார். அந்தச் சொல்லை ஊகித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அது என்ன மச்சான்? சொன்னால் ஓ இதுதானா என்பேனா, அல்லது அதுவும் கட்டார் மாதிரி எனக்குத் தெரியாத ஒன்றா?

நாளைக்குக் காலையில் வத்தேகமவிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. புதிதாக அறையெடுத்தவர்கள், பதிய வேண்டும். அந்தச் சட்டம் நியாயம் என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஸ்டெல்லா படிவத்தை நிரப்புவாள், கூடப் போவது நான். என் சிங்களம் கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும், வரட்டும். முதலில் மழையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் வாப்பா, பேசிப் பார்க்கிறேன். உன்னைப் போல உறவுக் கட்டத்தில் பொய் எழுதுகிற துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் அவர்களைத் தனியாக அனுப்ப மாட்டேன். அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறி, முத்திரை விழும்வரை பொலிஸ் நிலைய வாங்கை விட்டு எழும்ப மாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

நீ எழுதிக் கொடுத்தபடி,
உன் சகோதரன்
செல்வா